கண்டரமாணிக்கத்து எண்பது எம்.எம். காத்தாடி

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏழு ஃபேன். ஒவ்வொன்றும் பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறி மாறி எரிகிறது. பங்குனித் திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டினது போல இருந்தது. கடைப் பிள்ளைகள் நாலு பேரும் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் என்னைக் கேட்டான்:

"மேடம், எட்டாவதா ஒரு ஃபேன் போடச் சொல்றாரு கஸ்டமர். என்ன சைஸ் போடலாம்? எண்பதா, நூத்திருபதா?"

"மெஷினை எங்க வைக்கப் போறாராம்?" என்று கேட்டேன்.

யாரும் கேட்டிருக்கவில்லை. "எப்பப் பார்த்தாலும் இதையே கேக்குறீக மேடம். ஃபேனுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் கூட்டத்தில் இருந்த பெண். சம்பந்தம் இருக்கிறது, எழுதியே கொடுக்கிறேன் என்று சவடாலாகச் சொல்லிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. சாக்குச் சொல்ல வழியில்லை, எழுதுகிறேன்.

காரைக்குடியில் எனக்குக் 'காத்தாடி ஜெசிந்தா' என்று ஒரு பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்லமாட்டார்கள். போனில் மட்டும் "காத்தாடி அக்கா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, பேசுவது நான்தான் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. பட்டம் வாங்கின கதை அப்படி.

சொந்த ஊர் தேவகோட்டை. அப்பா வாத்தியார். நானும் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். அந்தப் பதினைந்து நாளில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, கழற்றின ஸ்க்ரூவைத் தொலைக்காமல் இருப்பது எப்படி என்பது ஒன்றுதான். அப்புறம் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடையில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் புளோயரை வைத்துத் தூசி ஊதினேன். ஜலதோஷம் போகவே இல்லை.

கடை முதலாளி வேலுச்சாமி சார். அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. அதற்கு முன் சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அந்தக் காலத்துப் புரொஜெக்டரில் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும் வெளிச்சத்தில்தான் படம் ஓடும். அந்த விளக்குக் கூண்டின் தலையில் ஒரு தகரக் குழாய் இருக்கும். சூடும் புகையும் அது வழியாகக் கூரைக்கு வெளியே போகவேண்டும். "குழாய்ல குருவி கூடு கட்டிட்டா போச்சு. பாட்டு சீன்ல படம் நின்னுரும், விசில் பறக்கும், பெஞ்சைத் தூக்கிருவாய்ங்க" என்பார். அதனால் அவருக்கு எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "காத்து எங்குட்டு வருது? எங்குட்டுப் போகுது?"

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. நல்ல மனநிலையில் இருந்தால் "ஏத்தா, இங்குட்டு வாத்தா" என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "வாங்க மேடம், உக்காருங்க மேடம், என்ன சாப்புடுறீக?" என்றால் அன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று பொருள். கடையில் யாருக்காவது நாற்காலி இழுத்துப் போட்டார் என்றால் மற்றவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள்.

எங்கள் கடையை விட்டு ஒரு மெஷின் வெளியே போகவேண்டுமானால் மூன்று பரீட்சை தேற வேண்டும். முதலாவது, மூடியைப் போட்டு, ஸ்க்ரூவை முடுக்கி, இரண்டு மணி நேரம் ஓட்டுவது. எல்லாக் கடையிலும் மூடியைத் திறந்து வைத்துத்தான் சோதிப்பார்கள். திறந்து கிடந்தால் எந்த மெஷினும் யோக்கியமாகத்தான் ஓடும். இரண்டாவது, ஊதுபத்தி. பற்ற வைத்த ஊதுபத்தியைப் பெட்டியின் ஒவ்வொரு துவாரத்தின் அருகிலும் கொண்டுபோக வேண்டும். முன்பக்கத் துவாரத்தில் புகை உள்ளே போகணும், பின்பக்கத்தில் வெளியே தள்ளணும். புகை அசையாமல் நேரே மேலே எழும்பினால் அந்தத் துவாரம் இருந்தும் பயனில்லை. மூன்றாவது, சாருடைய கைக்கடிகாரம். அதைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று காதைக் கொடுப்பார். டிக் டிக் கேட்டால் தேறியது. கேட்காவிட்டால், "மாவு மில்லா கேட்டாரு அந்த மனுசன்?" என்பார்.

ஃபேன் அளவு பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மீதிக் கதைக்கு அது வேண்டும். அப்போது எங்களுக்குக் கிடைத்தவை அறுபது எம்.எம்., எண்பது, தொண்ணூற்றிரண்டு. அறுபது சின்னது. போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் அது தலைதெறிக்கச் சுற்ற வேண்டும், சுற்றினால் கத்தும். எண்பது நிதானமாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும். அப்படியானால் எல்லாவற்றிலும் பெரியதையே மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். பெட்டி இடம் கொடுக்க வேண்டுமே! தொண்ணூறுகளின் பாதியில் எல்லோருக்கும் குட்டிப் பெட்டி மேல் ஆசை வந்துவிட்டது. நாலு அங்குல உயரம், பலகாரத் தட்டு மாதிரி படுத்துக் கிடக்கும், மேலே மானிட்டரை வைத்துக்கொள்ளலாம். அதன் முகத்தில் அறுபதுக்கு மட்டும்தான் துளை இருக்கும்.

ஃபேனைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு மெஷினிலும், சூடு சீக்கிரம் வெளியேறட்டும் என்று, முன்பக்க ஃபேனையும் காற்றை வெளியே தள்ளும்படி நானே மாட்டிவிட்டு வந்தேன். எல்லா ஃபேனும் வெளியே தள்ளினால் பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஃப்ளாப்பி செருகும் வாய் வழியாக வந்தது. கம்ப்யூட்டர் அறையில் கரும்பலகை இருந்தது. ஒரே பருவத்தில் பன்னிரண்டு ஃப்ளாப்பி டிரைவும் சாக்பீஸ் தூள் தின்று செத்தன. திரும்பி வந்தபோது வேலுச்சாமி சார் எனக்கு நாற்காலி போட்டார்.

இனிமேல்தான் கண்டரமாணிக்கம்.

அந்த ஊர்த் தெய்வானை ஆச்சிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிப்பார். அவர் கணவர் சாத்தப்பன், பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியாருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு விடுகதையை வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வர வேண்டும். அப்படி முப்பது வருஷம், சுற்றுவட்டாரத்து ஊர்களின் விடுகதைகள் எல்லாம் அவரிடம் சேர்ந்துவிட்டன. நோட்டில் முதல் சொல்லை மட்டும் குறித்து வைத்திருந்தார். மீதி எல்லாம் தலைக்குள்.

அவருக்குத் தொண்டையில் புற்று. குரல் மூச்சாகத் தேய்ந்துவிட்டது. வைகாசி பிறந்ததும் மதுரையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் தலைக்குள் இருப்பதைச் சொல்லி முடிக்க வேண்டும். மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு ஒரு மணி நேரம்தான் ஏதோ கொஞ்சம் பேச வரும். டேப்பில் பதிந்து பார்த்தார்கள், வெறும் மூச்சுதான் பதிந்தது. கையால் எழுதினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டைப்ரைட்டரில் அடித்தால் அதன் சத்தத்தில் அவர் சொல்வது காதில் விழவில்லை. அதற்காகத்தான், சத்தமில்லாமல் அடிக்கலாம் என்று, ஆச்சி எங்கள் கடையில் ஒரு குட்டிப் பெட்டி கம்ப்யூட்டர் வாங்கினார். அதை அடுக்கிச் சரிபார்த்துக் கொடுத்தவள் நான்.

ஒரு மாதத்தில் போன் வந்தது. மெஷின் மத்தியானத்தில் நின்று நின்று போகிறது. திரை உறைந்துவிடுகிறது, அடித்தது எல்லாம் போய்விடுகிறது. "ஒருக்க சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவுகளால முடியலத்தா. போனது போனதுதான்" என்றார் ஆச்சி. ஃபேன் சத்தத்தில் பாதி வார்த்தை கேட்பதும் இல்லையாம்.

கண்டரமாணிக்கத்துக்குப் பஸ் ஏறினேன். எங்கள் கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. வீடுகளுக்குப் போனால் நடு ஹாலோடு நிற்கவேண்டும். உள்ளறைக்குப் போகக் கூடாது. அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் உள்ளறை என்பது அவரவர் அந்தரங்கம். ஆச்சியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தார். பளிச்சென்று துடைத்திருந்தது. ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. மடியில் வைத்துப் பஸ்ஸில் கடைக்குக் கொண்டுவந்தேன். அங்கே மூடியைப் போட்டு இரண்டு நாள் ஓட்டினோம். தங்கமாக ஓடியது.

"வெயில் காலம்த்தா. காத்து பத்தலை. வேகமான அறுபதா ஒண்ணு மாட்டிவிடு" என்றார் வேலுச்சாமி சார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தடிமனான, அசுர வேகத்து அறுபது ஒன்றை மாட்டினேன். கைக்கடிகாரப் பரீட்சையில் தேறாது என்று தெரிந்ததால் அன்றைக்குக் கடிகாரத்தைக் கேட்கவே இல்லை.

நாலாம் நாள் மறுபடி போன். இப்போது முன்னைவிடச் சீக்கிரம் நிற்கிறது. சத்தமோ தாங்க முடியவில்லை. காற்று கூடினால் மெஷின் முன்னைவிட மோசமாகுமா? சார் தாடையைச் சொறிந்தார். பிராசஸரை மாற்றினோம், மெமரியை மாற்றினோம். கடையில் எல்லாம் சரி, கண்டரமாணிக்கத்தில் எல்லாம் தப்பு. ஆபரேஷனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வாத்தியார் சொல்ல வேண்டியதில் பாதிகூட முடியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மூன்றாவது முறை மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மத்தியானம் ஒன்றரை. ஆச்சி பெட்டியை உள்ளே எடுத்துப் போனார். எனக்கு மோர் கொடுத்தார். திரும்பப் பஸ் மூன்று மணிக்குத்தான். ஹாலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில் வாத்தியார் சொல்ல ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது. அவர் குரல் கேட்கவில்லை. ஆச்சி அடித்துவிட்டுத் திருப்பிப் படிப்பது மட்டும் கேட்டது. அந்த அறுபது கத்துகிற கத்தலில், "என்னாது? இன்னொருக்க... என்னாது?" என்று ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம் போயிருக்கும்.

"அய்யோ, போச்சு!"

அப்புறம் வாத்தியார் இருமுகிற சத்தம். அதற்கப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்.

நான் எழுந்துவிட்டேன். சட்டமாவது ஒன்றாவது. நேரே உள்ளறைக்குள் போய் நின்றேன்.

சின்ன அறை. கட்டிலில் வாத்தியார் தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டிலை ஒட்டி மேசை. மேசை மேல் நான் கொடுத்த அதே பெட்டி, ஆனால் அதன் முகத்தைக் காணோம். பழைய வேட்டித் துணியை எட்டாக மடித்து, முன்பக்கத் துவாரத்தின் மேல் வைத்து, நாலு மூலையிலும் கொண்டை ஊசி குத்தி இறுக்கியிருந்தது. பெட்டியின் மேல் கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

"ஆச்சி, என்ன இது?"

ஆச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "கடைக்குக் குடுக்குறப்ப எடுத்துருவேன்த்தா. ஒருத்தர் கையில ஒரு சாமானைக் குடுத்தா, தொடச்சு சுத்தமால்ல குடுக்கணும்."

"துணி எதுக்கு ஆச்சி?"

"பல்லிக்கு."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மெஷின் வந்த முதல் வாரம், உள்ளே டடடவென்று ஒரு சத்தம், அப்புறம் வாடை. ஆச்சியின் தம்பி வந்து மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். முன்பக்க ஃபேனில் ஒரு பல்லி அடிபட்டுச் செத்துக் கிடந்தது. எடுத்துப் புதைத்துவிட்டு மூடியை மாட்டிவிட்டார்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று யாரோ சொன்னதால் எங்களிடம் வாயைத் திறக்கவில்லை.

"அது செத்த எட்டாம் நாள்தான் மதுரை டாக்டர் அவுக தொண்டையைப் பாத்துட்டு, பரவிருச்சுன்னு சொன்னாக. அதுவரைக்கும் குரலோட போயிரும்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தோம். ஒரு சீவனை இந்த வீட்டுக்குள்ள வச்சுக் கொன்னுட்டோமே. இன்னொண்ணு போயிரக் கூடாதுத்தா. நீ வேகமான காத்தாடி மாட்டுனதுல துணியவே உள்ள இழுத்துச்சு. துணியையே இழுக்குதே, பல்லியை விடுமான்னு நாலு மடிப்பை எட்டு மடிப்பாக்குனேன்."

காற்று கூடியும் மெஷின் மோசமானதன் ரகசியம் அதுதான். நான் ஃபேனை வேகமாக்க, ஆச்சி துணியைத் தடிமனாக்கியிருக்கிறார்.

"இங்குட்டும் பாரு" என்று ஆச்சி பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரு விரல் அகலச் சந்தில் துணித் திரி அடைத்திருந்தது. "இந்தச் சந்து வழியாத்தான் உள்ள போயிருக்கு."

அந்தச் சந்தைக் குனிந்து பார்த்தேன். அது பெட்டியோடு வந்த சந்து இல்லை. பெட்டியை அடுக்கும்போது அங்கே ஒரு மோடம் கார்டைச் செருகிப் பார்த்தேன். ஆச்சி அது வேண்டாம் என்றதும் எடுத்துவிட்டேன். கார்டுக்காகக் கழற்றின தகட்டைத் திருப்பிப் போட்டு ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. காற்றுதானே, வரட்டுமே என்று சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். தகடு என் மேசையில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆச்சிக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் அந்தத் திரியை விரலால் அழுத்திக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

"ஆச்சி, இந்த எடத்துல ஒரு தகடு இருந்துச்சு. நான்தான் கழட்டுனேன், திருப்பிப் போடலை. பல்லி செத்தது உங்களால இல்ல. என்னால. பாவம்னு ஒண்ணு இருந்தா அது எனக்குத்தான் வரணும், உங்க வீட்டுக்கு இல்ல."

ஆச்சி என்னையே பார்த்தார். கட்டிலிலிருந்து மூச்சுக் காற்றாக ஒரு குரல் வந்தது. மெஷின் உறைந்து கிடந்ததால் நான் உள்ளே வந்ததும் ஸ்விட்சை அணைத்திருந்தேன், அதனால் கேட்டது. "பாவத்துல பங்கு கேட்டுக் காரைக்குடியிலேர்ந்து ஆள் வந்துருக்கு பாரு" என்றார் வாத்தியார். சிரிக்கப் போய் இருமினார்.

ஆச்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ தெரியாமச் செஞ்சதுத்தா" என்றார்.

"நீங்களும் தெரியாமத்தானே ஆச்சி?"

ஆச்சி கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலுச்சாமி சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க மேடம். உக்காருங்க மேடம். தகட்டைப் பிஸ்கட் டப்பாவுல பத்திரமா வச்சிருக்கீகளே, ரொம்பச் சந்தோசம் மேடம்." உட்கார்ந்தேன். அப்புறம் அவர் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்? குழாய்க்குள்ள குருவிக்கூடு இருக்கான்னு பாக்காம பெரிய விளக்காப் போடுன்னவன்தானே நானு. ஏத்தா, எந்திரி. என்ன செய்யலாம்னு சொல்லு."

நான் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். துணியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஆச்சி மறுபடி பயப்படாமல் இருக்க வேண்டும், பல்லி நுழையக் கூடாது, வாத்தியார் குரல் கேட்க வேண்டும், மெஷின் மத்தியான வெயிலைத் தாங்க வேண்டும். அறுபதால் இது ஆகாது. பக்கவாட்டுத் தகட்டை அளந்தேன். தொண்ணூற்றிரண்டை வைத்தால் மூடியின் மடிப்பு இடித்தது. எண்பது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அதை முழு வேகத்தில் ஓட்டவும் தேவையில்லை. பவர் சப்ளையின் மஞ்சள் வயருக்கும் சிவப்பு வயருக்கும் நடுவே இணைத்தால் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதில் ஏழு வோல்ட்தான் கிடைக்கும். ஃபேன் இருக்கிற இடமே தெரியாமல் சுற்றும்.

தகட்டில் எண்பது எம்.எம். வட்டம் வெட்ட எங்களிடம் கருவி இல்லை. பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, அப்பளம் மாதிரி வட்டத்தை எடுத்துவிட்டார். விளிம்பை அரத்தால் ராவினார். அதே கடையில் எவர்சில்வர் வடிகட்டி ஒன்றும் வாங்கினேன், டீக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த அளவு. கைப்பிடியை வெட்டிவிட்டு, புடைத்த பக்கம் வெளியே துருத்தும்படி துளை மேல் பொருத்தினோம். தட்டையான வலையைவிடக் குழிந்த வலைக்குப் பரப்பு அதிகம். காற்று முட்டாமல் வரும், பல்லிக் குஞ்சுகூட நுழையாது. முன்பக்கத்து அறுபதைக் கழற்றிவிட்டுத் துளையைத் தகடு வைத்து மூடினேன். பின்பக்கச் சந்துக்குப் பிஸ்கட் டப்பாவிலிருந்த தகட்டைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன். முடுக்கிவிட்டு இன்னொரு தடவையும் முடுக்கினேன்.

நான் வடிகட்டி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பேர் வெட்டுகிறவர், "யாரு வீட்டுச் சாமான் இது?" என்று கேட்டார். சாத்தப்பன் வாத்தியார், தெய்வானை ஆச்சி வீடு என்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கை போன போக்கில், துளைக்குக் கீழே 'சா.தெ.' என்று வெட்டி முடித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் குண்டானிலிருந்து கரண்டி வரை பேர் வெட்டாத சாமான் ஏது? வேலுச்சாமி சார் அதைப் பார்த்துவிட்டு, "வாரண்டி போயிருச்சு. பேரு வந்துருச்சு" என்றார்.

இந்த முறை சாரும் கூட வந்தார். பரீட்சை மூன்றையும் அந்த உள்ளறையிலேயே வைத்தோம், மத்தியானம் இரண்டு மணிக்கு, சித்திரை வெயிலில். மூடி போட்டு ஓட்டினோம். நான் ஊதுபத்தியைப் பற்ற வைத்து வடிகட்டியின் அருகில் காட்டினேன். புகை வளைந்து உள்ளே போனது. பின்பக்கம் காட்டினேன், வெளியே தள்ளியது. ஏதோ பூஜை என்று நினைத்து ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், நானும் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தார். டிக் டிக்.

"கடிகாரம் கேட்டா ஆச்சா?" என்று வாத்தியார் கட்டிலிலிருந்து கேட்டார். "ஏத்தா, நீ வாசப்படில போயி நில்லு."

போய் நின்றேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"ஏழு றெக்கை, பறக்காது. ஓயாத ஓட்டம், ஊரு போய்ச் சேராது. காத்தைத் திங்கும், காத்தையே துப்பும். அது என்ன?"

ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"காத்தாடி" என்றேன்.

"இது நோட்டுல இல்லாதது. இப்பப் போட்டது" என்றார். ஆச்சி அதற்குள் அடித்து முடித்திருந்தார்.

அதற்கப்புறம் அந்த மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு வாத்தியார் கடைசி விடுகதையைச் சொல்லி முடித்தார். புத்தகம் ஆடியில் வந்தது. விடைகளின் பக்கத்தில் அந்த ஒன்றுக்கு மட்டும் 'ஜெசிந்தாவின் காத்தாடி' என்று போட்டிருந்தார்கள். ஒரு பிரதியைச் சார் கடை மேசை மேல் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டினார்கள். பட்டம் வந்த வழி இதுதான். 'மெஷின் இருக்கிற எடத்துல போயிப் பாரு' என்று கடைச் சட்டமும் அன்றோடு மாறியது.

தீபாவளி முடிந்து, வடிகட்டியில் படிந்த தூசியைத் துடைக்கப் போனேன். மேசை முன்னால் வாத்தியாரே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. உடம்பு தேறியிருந்தார். குரல் இல்லை. ஒற்றை விரலால் அடித்து, திரையை என் பக்கம் திருப்பினார்.

'சத்தக்காரன் எங்கே?'

எனக்குப் புரியவில்லை. மறுபடி அடித்தார்.

'முன்னால் மாட்டியிருந்தாயே, அறுபது. அதைக் கொண்டு வா. இவளைக் கூப்பிட வழி இல்லை. கை தட்டினால் கோழி விரட்டுகிற மாதிரி இருக்கிறது. மணி அடித்தால் பியூன் மாதிரி இருக்கிறது.'

கடை டிராயரில்தான் கிடந்தது. அடுத்த வாரம் எடுத்துப் போனேன். முன்பக்கத் துளையைத் திறந்து, வலை வைத்து, சத்தக்காரனை மாட்டினேன். வழக்கமாக அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் வாஷர் போடுவோம். அதை எடுத்துவிட்டுத் தகரத்தோடு தகரமாக இறுக்கினேன். முழுப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்து, மேசை ஓரத்தில் அவர் கைக்கு எட்டும்படி ஒரு ஸ்விட்ச் வைத்தேன். அதுவரை நான் படித்த படிப்புக்கெல்லாம் நேர் எதிரான வேலை அது.

வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். அறுபது வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது.

அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார்: "இந்தா வாரேன், வந்துட்டேன்! ஏன் இப்புடிக் கத்துறீக?"